ஐந்நூறு பாகத்துக் குளிர்

நல்ல யோசனை ஒன்றை அடுத்தவன் வாயிலிருந்து கேட்டால் பேர்னாட்டுக்கு வயிறெரியும். அதைப் பொறாமை என்று சொல்லிவிட முடியாது. இவ்வளவு லேசான விசயம் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே வருகிற கோபம் அது. அதனால் அவன் யாரையும் வாய்விட்டுப் புகழமாட்டான். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "ம்" என்பான், அவ்வளவுதான். பேர்னாட்டிடம் ஒரு "ம்" வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று மட்டக்களப்புப் பட்டணத்து லொறிக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி அவனுடைய பற்றறிக் கடை இருந்தது. அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவைப் பூட்டியிருந்த காலம். லொறிப் பற்றறி செத்தால் புதிது கிடையாது, பேர்னாட்டிடம்தான் கொண்டுவர வேண்டும். அவன் அதை உடைத்து, ஈயத்தை உருக்கி, தகடுகளைத் திரும்ப வார்த்து, ஒரு தகடு மற்றத் தகட்டில் தொடாதபடி இடையிடையே மெல்லிய மரச்சீவல் செருகி உயிர் கொடுப்பான். அந்த மரச்சீவலில்தான் அவனுடைய மானமே இருந்தது. ஒரு சின்னக் கணு கண்ணில் பட்டாலும் சீவலைத் தூர எறிந்துவிடுவான்.

அந்தக் கடைக்கு ஒருநாள் கனகசிங்கம் பால்மாவு அடைத்து வந்த இரண்டு தகரப்பேணிகளோடு வந்தான். வவுணதீவு வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. சீமைக்குப் போய்ப் படித்து இஞ்சினியராகி, கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவன். கடலுக்கடியில் என்னென்ன உலோகம் கிடக்கிறது என்று தேட ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் கிழக்குக் கரைக்கு வரவிருந்தது. கடலடியைத் துளைத்து மண்ணெடுக்கிற எந்திரம் ஒன்றைக் கனகசிங்கம் தானே செய்திருந்தான். அதைக் கப்பலில் இருந்து இறக்கிப் பார்க்க மூன்று தடவைக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தார்கள்.

"துளைக்கிறதுக்கு மோட்டர் இரிக்கு அண்ணன். மோட்டருக்குக் கரண்ட் இல்ல" என்றான் கனகசிங்கம். "ஐந்நூறு பாகம் ஆழம், மூவாயிரம் அடி. அவ்வளவு நீளக் கரண்ட் வயர் இந்த நாட்டிலயே கிடையாது. கப்பல்ல இரிக்கிறது வெறும் இரும்புக் கயிறு. அதால கரண்டையும் எந்திரத்தோடயே கீழ அனுப்பணும்."

"கடலுக்க போற பற்றறி" என்றான் பேர்னாட். "அப்ப நல்ல தடிச்ச இரும்புப் பெட்டி ஒண்டு செய்யணும் சேர், தண்ணி உள்ள வராம."

கனகசிங்கம் பேணிகளைக் கையில் எடுத்தான். பேர்னாட்டை ஏறாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மீன் வாடி வைத்திருந்த ஆதம்பாவா பேர்னாட்டின் பழைய கூட்டாளி. அவனுடைய வள்ளத்தில் மூவரும் கரை மறையுமட்டும் போனார்கள். இரண்டு பேணிகளையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினான் கனகசிங்கம். ஒன்று மூடி ஒட்டிய வெறும் பேணி. மற்றதில் வாய்முட்ட எண்ணெய் ஊற்றி, மூடிக்குப் பதில் சைக்கிள் ரியூப் துண்டை இழுத்துக் கட்டியிருந்தான்.

கயிற்றை இழுத்தபோது வெறும் பேணி சப்பளிந்து போய் வந்தது. எண்ணெய்ப் பேணி போனபடியே வந்தது.

"கடல் ரப்பரை அமத்தும். ரப்பர் எண்ணெயை அமத்தும். எண்ணெய் உள்ளுக்க இருந்து தகரத்தைத் தள்ளும்" என்றான் கனகசிங்கம். "வெளிய எவ்வளவோ உள்ளுக்கயும் அவ்வளவு. கடலோட மல்லுக்கட்டத் தேவையில்ல அண்ணன், அதையும் கொஞ்சம் உள்ள விட்டாச் சரி. வெறும் தகரப் பெட்டி போதும். காத்து மட்டும் ஒரு குமிழிகூட இரிக்கப்படாது."

பேர்னாட் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ம்" கூட வரவில்லை. வயிறு அப்படி எரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவி செசீலியாவிடம்தான் சொன்னான். "வயல்காரன்ட மகன், ஒரு பால்பேணிய வெச்சுக் கடலையே மடக்கிட்டான்." அந்தக் குரலில் எத்தனை மரியாதை இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து கடை கடையாக இல்லை. லொறிக்காரர் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். தகரப் பெட்டி, அதன் தலையில் லொறி ரியூப்பில் வெட்டிய பை, உள்ளே பேர்னாட்டின் பற்றறி. மோட்டருக்கும் அதேபோல எண்ணெய் நிரப்பிய ஒரு சின்னக் கூடு. எந்திரத்தின் கால் கடலடியில் ஊன்றியதும் சுவிட்ச் விழுந்து மோட்டர் சுற்றத் தொடங்கும். எல்லாம் சரி, எண்ணெய்தான் தகராறு. கரண்ட் வேலைக்கென்று உள்ள எண்ணெய் வெளிநாட்டுச் சாமான், கிடைக்காது. மண்ணெண்ணெயும் டீசலும் லொறி ரியூப்பை ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிட்டன.

அப்போதுதான் பேர்னாட்டுக்கு அந்த யோசனை வந்தது. "தேங்காயெண்ணெய் ஊத்துவம் சேர். கரண்டை விடாது. அசிட்டோட கலக்காது, மேல மிதக்கும். ரப்பரையும் தின்னாது. நான் ஒரு மோட்டரை எண்ணெய்க்குள்ள வெச்சு ஓட்டிப் பாத்திட்டன்."

கனகசிங்கம் தொடையில் தட்டினான். "தென்னந்தோப்புக்குள்ள இருந்துகொண்டு எண்ணெய் இல்ல எண்டு அழுதிருக்கன் பாருங்க."

பேர்னாட் ஒன்றும் நடவாதது போல மரச்சீவலைச் சீவிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அவன் நடையே வேறு.

பங்குனியில் கடல் அடங்கியது. கப்பல் வந்து கலங்கரை வெளிச்சவீட்டுக்கு வெளியே எங்கோ தூரத்தில் நின்றது. கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் இறக்கிப் பார்த்தபோது எந்திரம் வண்டு மாதிரி ரீங்காரித்தது. பிறகு லோஞ் என்கிற மோட்டர்ப் படகில் ஏற்றி, வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தால் வெளியே கொண்டுபோய், கப்பலில் இருந்து ஐந்நூறு பாகத்துக்கு இறக்கினார்கள். ஏறி வந்தபோது துளைக்குழாய் வெறுமையாக இருந்தது.

கடலில் வைத்துப் பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது கனகசிங்கத்தின் கண்டிப்பு. தளம் ஆடும், அசிட் சிந்தும், உப்புச் சாரல் எண்ணெய்க்குள் விழும். ஆகவே வெயிலில் மணிக்கணக்காகத் திரும்பி வாவிக்குள் வந்து, இறங்குதுறையில் வைத்துத்தான் திறந்தார்கள். கடல் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே இல்லை. பியூஸ் மட்டும் எரிந்து போயிருந்தது. புது பியூஸ் போட்டுச் சுவிட்சைத் தட்டினால், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மோட்டர் சுற்றியது.

இரண்டாவது தடவையும் அதே கதை. வெறுங்குழாய், எரிந்த பியூஸ், கரைக்கு வந்ததும் சுற்றுகிற மோட்டர்.

அந்தத் தடவை கப்பலின் ஆராய்ச்சித் தலைவரான வெள்ளைக்காரரும் லோஞ்சில் கூட வந்திருந்தார். கெட்ட மனிதரல்ல, காரியக்காரர். பேர்னாட் பற்றறியைக் கழற்றித் தகடு தகடாக வைத்தபோது அவர் ஒரு மரச்சீவலைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவு ஆழத்து அழுத்தத்தில் இந்தச் சீவல் நசிந்து தகடுகள் தொட்டிருக்கும், அதுதான் பியூஸ் எரிகிறது, மேலே வந்ததும் பழையபடி விலகிவிடுகிறது என்றார். கப்பலில் கனத்த உருக்குக் கூட்டுக்குள் அடைத்த வெளிநாட்டுப் பற்றறி ஒன்று இருக்கிறது, மிச்சமிருக்கிற ஒரு தடவைக்கு அதைப் போடலாம் என்றார். முகத்துவாரத்தில் மணல் ஏறத் தொடங்கியிருந்தது. லோஞ் போய்வர முடிகிறபோதே முடித்துக்கொண்டு கப்பல் தெற்கே போக வேண்டும்.

கனகசிங்கம் மெதுவாகத்தான் பதில் சொன்னான். பேர்னாட்டுக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும். இந்தப் பற்றறிதான் போகும், அது பொய்த்தால் எந்திரத்தைக் கரையில் இறக்கிவிடுங்கள், நானும் கப்பலை விட்டு இறங்கிவிடுகிறேன் என்றான். வெள்ளைக்காரர் சரியென்று தலையாட்டினார்.

அவர் போன பிறகு பேர்னாட் வாயைத் திறந்தான். "ஏன் சேர் அப்பிடிச் சொன்னீங்க? உங்கட எத்தின வருச உழைப்பு. என்ட பற்றறிக்காக அத ஏன் கொண்டுபோய் அடகு வைக்கிறீங்க?"

"உங்களுக்காக இல்ல அண்ணன்" என்றான் கனகசிங்கம். "தகடு தொட்டிருந்தாச் சீவல்ல கருகின அடையாளம் இரிக்கும். நீங்க ஒவ்வொண்டாக் கழட்டி வெச்சீங்க, நான் ஒவ்வொண்டாப் பாத்தன். ஒரு சீவல்லயும் ஒரு புள்ளிகூட இல்ல. பிழை எங்க எண்டு எனக்குத் தெரியா. ஆனாப் பற்றறியில இல்ல."

இப்படி ஒரு மனிதனா என்று பேர்னாட் வியந்தான். யாரும் அவனுடைய வேலையை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை, பார்த்து இவ்வளவு துணிந்ததுமில்லை. ஆனால் பயமும் அங்கேதான் இருந்தது. ஐந்நூறு பாகத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யார் கண்டது? வெள்ளைக்காரர் சொன்னதுபோலச் சீவல் நசிந்திருந்தால், ஒரு நல்லவனின் வாழ்க்கையை மரச்சீவலால் கெடுத்தவன் பேர்னாட்.

வீட்டில் அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். தவக்கால நோன்புக்குச் சுருட்டை விட்டிருந்ததால் கையும் வாயும் வேறு அந்தரப்பட்டன.

"சாப்பிட விருப்பமில்லாட்டி மூடி வைக்கிறன், சோத்தோட கோவிக்காதீங்க" என்றாள் செசீலியா. பட்டணத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். ஆண்களின் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் எத்தனை பாகை என்று சொல்லிவிடுவாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி தளத்துக்கு வந்தபோது அழுகை வரும்போல இருந்ததையும், யாரும் பாராதபடி லோஞ்சில் அதன்மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்ததையும் சொன்னான். "என்ன குளிர் செசீலியா. கொளுத்திற வெயிலுக்க அந்தத் தகரம் வேர்த்து வடியுது. நுவரெலியாவில உன்னப் பாக்க வந்து பஸ்ஸால இறங்கக்க அடிச்ச குளிர்தான் எனக்கு ஞாபகம் வந்த."

செசீலியா சட்டியை மூடப் போனவள் நின்றுவிட்டாள். கலியாணத்துக்கு முன் அவள் மலைநாட்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தாள்.

"இஞ்சருங்க. அண்டைக்கு எனக்கு என்ன கொண்டு வந்த நீங்க?"

"எண்ணெய்ப் போத்தல்."

"கொண்டு வந்து?"

பேர்னாட் பிசைவதை நிறுத்தினான். அவனுடைய அம்மா காய்ச்சிக் கொடுத்த தேங்காயெண்ணெய். மட்டக்களப்பில் பளிங்கு மாதிரி இருந்தது, மலையேறி வந்து பார்த்தால் போத்தலுக்குள் வெள்ளை மெழுகு. யாரோ மாற்றிவிட்டான் என்று அவன் பஸ் கண்டக்டரின் சட்டையைப் பிடித்துச் சண்டைக்கு நின்றதை ஆஸ்பத்திரி முழுதும் வந்து வேடிக்கை பார்த்தது. தலைகீழாகக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"அந்த எண்ணெயத்தானே மோட்டருக்க ஊத்தியிருக்கீங்க" என்றாள் செசீலியா.

வாவிக்கரையில் பிறந்தவனுக்கு எண்ணெய் என்றால் ஓடுகிற சாமான். வருசம் முழுக்க வேர்த்து வழிகிற ஊரில் அது உறையும் என்று நினைக்க யாருக்கும் ஒரு தேவை வந்ததில்லை. கண்ணால் கண்ட பேர்னாட்டே அதை ஊர் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் காலையில் அவன் ஆதம்பாவாவின் மீன் வாடியில் நின்றான். லொறிக் கண்ணாடி துடைக்கிற மோட்டர் ஒன்றை ஒரு தகரப் பேணிக்குள் வைத்துத் தேங்காயெண்ணெய் ஊற்றி, ஓடவிட்டு, மீனுக்குப் போடுகிற ஐஸுக்குள் புதைத்தான். கொஞ்ச நேரம் சுற்றியது. எண்ணெய் ஓரத்தில் பால்போல வெளுத்தது. மோட்டர் முனகியது, இழுத்தது, நின்றது. பியூஸ் கம்பி சிவந்து பட்டென்று அறுந்தது. பேணியை எடுத்து வெயிலில் வைத்துப் புதுக் கம்பி கட்டினான். எண்ணெய் இளகியது, மோட்டர் பழையபடி சுற்றியது.

"அல்லாவே, எண்ணெய்க்கும் குளிர்க் காய்ச்சலா மச்சான்?" என்றான் ஆதம்பாவா.

"கரைக்கு வாறதுக்குள்ள காய்ச்சல் சுகமாகிருது. அதான் நாங்க காணல்ல" என்றான் பேர்னாட்.

ஆதம்பாவா வீட்டு அடுப்படியில் இருந்த எல்லா எண்ணெயையும் வரவழைத்தான். ஒவ்வொன்றாக ஐஸில் புதைத்துப் பார்த்தார்கள். நல்லெண்ணெய் மட்டும் எவ்வளவு நேரம் கிடந்தும் மூக்கைச் சுளிக்காமல் ஓடியது. அதற்குள் மோட்டரும் ஓடியது.

உறைந்த தேங்காயெண்ணெய்ப் பேணியை ஐஸோடு சாக்கில் சுற்றிக்கொண்டு பேர்னாட் இறங்குதுறைக்கு வந்தான். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைச் சரிபார்த்து வைத்திருந்தான். கனகசிங்கத்தைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயின. பேணியை அவன் கையில் கவிழ்த்துக் காட்டினான். ஒன்றும் விழவில்லை.

"பிழை என்ட சேர். பற்றறியில இல்ல எண்டு நீங்க சொன்ன சரிதான். எண்ணெயில. எண்ணெய் சொன்னது நான்."

கனகசிங்கம் பேணியைப் பார்த்தான். விரலால் சுரண்டினான், வெள்ளையாக நகத்தில் ஒட்டியது. பிறகு இறங்குதுறைப் பலகையில் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணன், சீமையில நான் படிக்கக்க அம்மா எண்ணெய் அனுப்புவா. காலமையில போத்தலக் கமக்கட்டுக்க வெச்சு உருக்கித்தான் தலைக்குப் பூசுறது. எத்தின வருசம். ஊருக்கு வந்ததும் கோட்டோட சேத்துக் குளிரையும் பெட்டிக்க வெச்சுப் பூட்டிட்டன்." கண்ணைத் துடைத்தான். "பிழை உங்கட எண்டா, நான் எங்க போய் ஒளியிற?"

மோட்டர் கூட்டையும் பெட்டியையும் கழுவித் துடைத்தார்கள். ஏறாவூர்க் கடைகளில் இருந்த நல்லெண்ணெய் முழுதும் புளியந்தீவுக்கு வந்தது. லோஞ் முகத்துவாரத்தைத் தாண்டியபோது அடியில் மணல் உரசியது. இனி ஒரு பயணம் இல்லை என்று லோஞ்காரன் சொல்லிவிட்டான். கப்பலில் ஏறியதும் வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சி, இது என்ன வாசம் என்று கேட்டார். கனகசிங்கம் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் தடுக்கவில்லை.

எந்திரம் இறங்கியது. இரும்புக் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. பேர்னாட் வாயில் சுருட்டுக்குப் பதில் ஒரு தேங்காய்த் தும்புத் துண்டை வைத்துக் கடித்தபடி நின்றான். கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது, அதன் அடியில் இருட்டிலும் குளிரிலும் அவனுடைய தகடுகள் தனியே போய்க்கொண்டிருந்தன. தன் கையால் சீவிய மரம் மனிதன் போகாத இடத்துக்குப் போகிறது என்று நினைத்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கனகசிங்கம் பக்கத்தில் வந்து நின்றான். 

கயிறு திரும்பி ஏறத் தொடங்கியது. எந்திரத்தின் தலை தண்ணீரைப் பிளந்து வந்தபோது பேர்னாட் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, கப்பல்காரர் போட்ட சத்தத்தில் திறந்தான். துளைக்குழாயின் வாயில் கரிய சேறு பிதுங்கிக்கொண்டிருந்தது. குழாய் அடிமுதல் நுனிவரை நிறைந்திருந்தது. வெள்ளைக்காரர் முழந்தாளிட்டு அந்தச் சேற்றை விரல்களால் தொட்டார், உருட்டினார், முகர்ந்தார். எழுந்து கனகசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை.

அதன்பின் பேர்னாட்டிடம் வந்து எதையோ தேடுவது போலக் கையை நீட்டினார். பேர்னாட்டுக்கு விளங்கியது. சட்டைப் பையில் கிடந்த மிச்ச மரச்சீவலை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கணு இருக்கிறதா என்று நுனியில் இருந்து நுனிவரை பார்த்தார். பார்த்துவிட்டு "ம்" என்றார்.

பேர்னாட்டுக்கு அதற்குமேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

"இண்டைக்கு இஞ்சயே திறப்பம் அண்ணன்" என்று கனகசிங்கம் நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்தான். தன் கண்டிப்பைத் தானே மீறி, கப்பல் தளத்திலேயே மோட்டர் கூட்டின் மூடியைக் கழற்றினான். பியூஸ் முழுசாக இருந்தது. நல்லெண்ணெய் பொன்னிறமாக அசைந்துகொண்டிருந்தது. பேர்னாட் அதற்குள் கையை விட்டான். ஐந்நூறு பாகத்துக் குளிர் இன்னும் அதில் இருந்தது, விரல் விறைத்தது.

கனகசிங்கம் அந்தக் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தான். எத்தனை நாள் தூக்கமில்லாத முகம், வெயில் சுட்ட தலை. பேர்னாட் ஒரு கை எண்ணெயை அள்ளினான். அவன் உச்சியில் வைத்து, பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல அழுத்தித் தேய்த்தான்.

"தலை கொதிச்சுப் போய்க் கிடக்கு மனே" என்றான்.

அதுவரை அவனைச் "சேர்" என்று மட்டுமே கூப்பிட்டிருந்தான், மகனே என்று ஒருநாளும் இல்லை. கனகசிங்கம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் குந்தியிருந்தான். குளிர்ந்த எண்ணெய் காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. கப்பல்காரர் இது என்ன சடங்கோ என்று சுற்றி நின்று பார்த்தார்கள்.

"நல்ல யோசனை" என்று பேர்னாட் வாய்விட்டுச் சொன்னான். "அந்தப் பால்பேணி. அண்டைக்கே சொல்லியிருக்கணும்."